புது நீச்சல் குளம், ஸ்பா: ஆட்டோமேஷன் அவசியமா? டிக் போடும் முன் ஒரு கணக்கு

அமெரிக்காவின் டாலஸ் சுற்றுவட்டாரத்தில் பிளேனோ, ஃபிரிஸ்கோ போன்ற ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வசிக்கின்றன. வீடு வாங்கி, கொல்லைப்புறத்தில் நீச்சல் குளமும் கட்டலாம் என்று இறங்குபவர்கள் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். கான்ட்ராக்டர் நீட்டும் கொட்டேஷனில் 'ஆட்டோமேஷன்' என்று ஒரு வரி இருக்கும். பக்கத்திலேயே சில ஆயிரம் டாலர் விலை. வேண்டுமா, வேண்டாமா?

"இவ்வளவு செலவு பண்ணியாச்சு, இதையும் போட்டுடலாம்" என்பது ஒரு கட்சி. "ஸ்விட்சைத் தட்ட ஒரு ஆப் எதுக்கு?" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேருமே கணக்குப் போடாமல் பேசுகிறார்கள். குளம் ஒரு முறை கட்டினால் பல பத்தாண்டுகள் இருக்கும். கான்கிரீட் போட்ட பிறகு மாற்ற முடியாதவை சில உண்டு; அஞ்சு வருஷம் கழித்துக்கூட நிதானமாக வாங்கிக்கொள்ளக் கூடியவையும் உண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில், ஆட்டோமேஷன் என்றால் என்ன?

இங்கே ஸ்பா என்பது மசாஜ் நிலையம் அல்ல. குளத்தை ஒட்டியே கட்டப்படும் சின்ன சுடுநீர்த் தொட்டி. நாலைந்து பேர் உட்காரலாம். ஜெட்களில் இருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்.

இப்படிச் சேர்த்துக் கட்டும்போது பெரும்பாலும் குளத்துக்கும் ஸ்பாவுக்கும் பம்ப், ஃபில்டர், ஹீட்டர் எல்லாம் ஒரே செட்தான். தண்ணீர் எங்கிருந்து வர வேண்டும், எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு மூவழி வால்வுகள். ஒன்று உறிஞ்சும் பக்கம், இன்னொன்று திரும்பி வரும் பக்கம்.

ஆட்டோமேஷன் என்பது இவற்றின் மேல் உட்காரும் ஒரு கன்ட்ரோல் பெட்டி. உள்ளே ரிலேக்கள், வெளியே தண்ணீருக்கும் காற்றுக்கும் தனித்தனி வெப்ப சென்சார்கள், வால்வுகளின் தலையில் 24 வோல்ட் குட்டி மோட்டார்கள். 'ஸ்பா' என்று ஒரு பட்டனைத் தட்டினால் இரண்டு வால்வும் திரும்பும், பம்ப் வேகம் மாறும், ஹீட்டர் பற்றிக்கொள்ளும். பென்டேர், ஹேவர்டு, ஜேண்டி ஆகிய மூன்றும் இந்தச் சந்தையில் பெரிய பெயர்கள்.

கையால் செய்தால் என்ன குறைந்துவிடும்?

குளம் மட்டும் என்றால் ஒன்றும் குறையாது. பம்பிலேயே டைமர் இருக்கிறது. ஒரு முறை செட் செய்தால் போதும்.

ஸ்பாவும் சேர்ந்தால் கதை வேறு. ஆட்டோமேஷன் இல்லாத வீட்டில் ஸ்பாவில் இறங்க வேண்டுமானால், பம்ப் இருக்கும் மூலைக்குப் போய் இரண்டு வால்வையும் திருப்ப வேண்டும். பம்ப் வேகத்தைக் கூட்ட வேண்டும், ஹீட்டரை ஸ்பா வெப்பநிலைக்கு மாற்ற வேண்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் பழையபடி வைக்க வேண்டும். இதில் உறிஞ்சும் வால்வை ஸ்பாவுக்குத் திருப்பிவிட்டு, திரும்பும் வால்வை மறந்துவிட்டால் ஸ்பா தண்ணீர் முழுக்கக் குளத்துக்குப் போய்விடும். தொட்டி காலியானதும் பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும். பம்புக்கு அது நல்லதல்ல.

இன்னொரு விஷயம் கேஸ் பில். ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். ஸ்பாவில் 500 கேலன், அதாவது சுமார் 1,900 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு எடை. ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க 1 பிடியு வெப்பம் வேண்டும். 70 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 1,25,000 பிடியு. மணிக்கு 4,00,000 பிடியு எரிக்கும் கேஸ் ஹீட்டர், அதில் 84 சதவீதத்தைத் தண்ணீருக்குக் கொடுத்தால், 22 நிமிடத்தில் வேலை முடிந்தது.

இதே ஹீட்டர் 15,000 கேலன் குளத்தை அதே 30 டிகிரி சூடாக்க வேண்டுமென்றால்? 30 மடங்கு. 11 மணி நேரத்துக்கும் மேல். வால்வு ஸ்பா பக்கம் திரும்பாமல் ஹீட்டர் மட்டும் ஓடினால், நீங்கள் குளத்தைத்தான் சுட வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அரை மணி கழித்து வந்து கை வைத்தால் தண்ணீர் ஜில்லென்றே இருக்கும். மீட்டர் மட்டும் ஓடியிருக்கும்.

ஆக, ஆட்டோமேஷனின் உண்மையான பயன் 'ஆபீஸில் இருந்தே ஸ்பாவைச் சுட வைக்கலாம்' என்ற விளம்பர வாசகத்தில் இல்லை. நாலு வேலைகளைச் சரியான வரிசையில், ஒவ்வொரு முறையும் மறக்காமல் செய்கிறதே, அதில்தான் இருக்கிறது. ஸ்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், வால்வு திருப்பும் சோம்பலில் அதை யாருமே பயன்படுத்தாமல் போனால், ஸ்பாவுக்குக் கொடுத்த பணம்தான் வீண்.

கரன்ட் பில் குறையுமா?

விற்பனையாளர்கள் அடிக்கடி சொல்லும் காரணம் இது. பாதி உண்மை.

மின்சாரத்தை மிச்சப்படுத்துவது ஆட்டோமேஷன் அல்ல, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பம்ப். பம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், தண்ணீரின் ஓட்டமும் பாதியாகும். ஆனால் அதற்குத் தேவைப்படும் மின்திறன் எட்டில் ஒரு பங்காகச் சரியும். இது பம்புகளுக்கான அடிப்படை இயற்பியல் விதி.

முழு வேகத்தில் 2,000 வாட் இழுக்கும் பம்ப் 8 மணி நேரம் ஓடினால் 16 யூனிட். பாதி வேகத்தில் 250 வாட், அதே அளவு தண்ணீரைச் சுற்ற 16 மணி நேரம். மொத்தம் 4 யூனிட். ஏட்டுக் கணக்கில் நாலில் ஒரு பங்கு. மோட்டாரின் சொந்த இழப்புகளால் நிஜத்தில் கொஞ்சம் கூடும். ஆனாலும் வித்தியாசம் பெரியது.

2021 ஜூலை 19 முதல் அமெரிக்க எரிசக்தித் துறையின் செயல்திறன் விதி அமலில் இருக்கிறது. அதனால் வழக்கமான அளவுள்ள வீட்டுக் குளத்துக்குப் புதிதாக வாங்கும் ஃபில்டர் பம்ப் இன்று பெரும்பாலும் வேகம் மாற்றக்கூடியதாகத்தான் இருக்கும். அதாவது, இந்த மிச்சம் ஆட்டோமேஷன் போட்டாலும் போடாவிட்டாலும் உங்களுக்குக் கிடைக்கும். "ஆட்டோமேஷன் போட்டால் கரன்ட் பில்லிலேயே காசு திரும்ப வந்துடும்" என்று யாராவது சொன்னால், அந்தக் கணக்கில் பம்பின் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

பனி வந்தால் காப்பாற்றுமா?

டெக்சாஸில் வடமாநிலங்கள் மாதிரி குளிர்காலத்தில் குழாய்களை வடித்து, குளத்தை மூடி வைக்கும் பழக்கம் பெரும்பாலும் இல்லை. வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும். காற்றின் வெப்பநிலை உறைநிலையை நெருங்கினால் பம்ப் தானாக ஓடி, குழாயில் தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள்ளும். வேகம் மாற்றும் பம்புகள் பலவற்றிலேயே இந்த வசதி உண்டு. ஆனால் தனி பம்புக்கு வால்வைத் திருப்பத் தெரியாது. குளத்துக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, ஸ்பா குழாயில் தேங்கியது உறைந்துபோகலாம். ஆட்டோமேஷன் இருந்தால் குளம், ஸ்பா என மாற்றி மாற்றித் தண்ணீரைச் சுற்றவிடும்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. 2021 பிப்ரவரியில் 'யூரி' குளிர்காலப் புயல் டெக்சாஸைத் தாக்கியபோது 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளிலும் வணிக இடங்களிலும் கரன்ட் போனது. கரன்ட் இல்லாவிட்டால் பம்பும் இல்லை, உறைபனிப் பாதுகாப்பும் இல்லை. பல வீடுகளில் பம்பும் ஃபில்டரும் குழாய்களும் வெடித்தன. அந்த நேரத்தில் உதவியது எந்த ஆப்பும் இல்லை. பிரேக்கரை அணைத்து, பம்ப், ஃபில்டர், ஹீட்டர் அடியில் உள்ள வடிகால் மூடிகளைத் திறந்து தண்ணீரை வெளியேற்றத் தெரிந்த ஆள்தான்.

அந்த மூடிகள் எங்கே இருக்கின்றன என்று குளத்தை ஒப்படைக்கும் நாளிலேயே காட்டச் சொல்லி, போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பைசா செலவில்லாத காப்பீடு இது.

குளோரினை மெஷினே பார்த்துக்கொள்ளுமா?

ஓரளவுக்கு. உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் செல், ஆட்டோமேஷனோடு பேசும். எவ்வளவு சதவீதம் ஓட வேண்டும் என்பதை போனிலேயே மாற்றலாம். கூடுதல் காசு கொடுத்தால் பிஎச் அளவையும், ஓஆர்பி எனப்படும் கிருமிநாசினித் திறனையும் அளக்கும் சென்சார்கள் கிடைக்கும்.

ஆனால் அந்த ஓஆர்பி அளவு குளோரினை நேரடியாகக் காட்டுவதில்லை. வெயிலில் குளோரின் சிதையாமல் இருக்கச் சேர்க்கும் சயனூரிக் அமிலம் அதிகமானால் ஓஆர்பி அளவு குறைவாகக் காட்டும். சென்சாரை அவ்வப்போது சுத்தம் செய்து, சரிபார்த்து, சில வருஷங்களில் மாற்றவும் வேண்டும். காரத்தன்மை, கால்சியம், சயனூரிக் அமிலம் ஆகியவற்றைச் சாதாரண வீட்டு சிஸ்டம் அளக்காது. டெஸ்ட் கிட்டை எடுத்து, துளித்துளியாக விட்டு, நிறம் பார்க்கும் வேலை தொடரத்தான் செய்யும்.

ஸ்பாவில் அலட்சியம் கூடவே கூடாது. சுடுநீரில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துபோகும். அப்போது தோலில் தடிப்பு உண்டாக்கும் சூடோமோனாஸ், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் வளர வழி கிடைக்கிறது. ஸ்பாவில் குறைந்தது 3 பிபிஎம் குளோரின், பிஎச் 7.0 முதல் 7.8 வரை என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் பரிந்துரை. ஆப்பில் பச்சை விளக்கு எரிகிறது என்பதற்காக டெஸ்ட் செய்யாமல் குழந்தைகளோடு இறங்குவது சரியல்ல. சொல்லப்போனால், 5 வயதுக்கு உட்பட்டவர்களை ஸ்பாவில் இறக்கவே கூடாது என்கிறது அதே மையம்.

ஊருக்குப் போகும்போது?

தமிழ்க் குடும்பங்களுக்கு இது முக்கியமான கேள்வி. பள்ளி விடுமுறை வருவது ஜூன், ஜூலையில். சென்னை, மதுரை, கோவை என்று நாலு வாரம், ஆறு வாரம் ஊருக்குப் போவதும் அப்போதுதான். டெக்சாஸில் வெயில் கொளுத்துவதும், குளத்தில் பாசி வேகமாகப் பிடிப்பதும் அதே மாதங்களில்தான்.

ஆட்டோமேஷன் இருந்தால் பம்ப் நின்றுவிட்டது, உப்பு குறைந்துவிட்டது என்று போனுக்குத் தகவல் வரும். அங்கே காலை 9 மணி என்றால் நம்மூரில் இரவு 7.30. டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம். பார்த்த பிறகு? ஃபில்டரைக் கழுவ, இலை அள்ள, அமிலம் ஊற்ற ஆள் வேண்டுமே. வாரம் ஒரு முறை வரும் சர்வீஸ் ஆளோ, கேட்டின் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு நண்பரோ இல்லாவிட்டால், அந்த அலர்ட் வெறும் கவலையைத்தான் அனுப்பும். ஆள் இருந்தால், அதே அலர்ட் குளம் பச்சையாவதற்கு முன்பே அவரைக் கூப்பிட உதவும்.

இதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது?

ஆட்டோமேஷன் பற்றிய பேச்சில் மறந்துபோவது இதுதான். அமெரிக்காவில் 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளின் மரணத்துக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவது என்கிறது சிடிசி. எந்த கன்ட்ரோல் பெட்டியாலும் இதைத் தடுக்க முடியாது. நான்கு பக்கமும் குறைந்தது 4 அடி உயர வேலி, தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும் கேட், கண் எடுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரியவர். தடுப்பவை இவைதான். பட்ஜெட் இடித்தால் முதலில் வெட்ட வேண்டியது ஆட்டோமேஷனைத்தான், வேலியை அல்ல.

இன்னொரு ஆபத்து உறிஞ்சும் விசை. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி கிரேம், 2002ஆம் ஆண்டு ஸ்பாவின் வடிகாலில் சிக்கி உயிரிழந்தார். அதன் பிறகு அவர் பெயரிலேயே 2007இல் ஃபெடரல் சட்டம் வந்தது. அமெரிக்காவில் விற்கும் வடிகால் மூடிகள் ஆளைச் சிக்கவைக்காத தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அப்படிப்பட்ட நிலையில் பம்பை உடனே நிறுத்த வேண்டும். ஈரக் கையோடு போனைத் தேடி, லாக் எடுத்து, ஆப் திறந்து கொண்டிருக்க நேரமிருக்காது.

ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அப்பா, அம்மா பேரக்குழந்தைகளோடு பகலில் தனியாக வீட்டில் இருக்கும் குடும்பங்கள் நிறைய. ஆப் உங்கள் போனில், நீங்கள் ஆபீஸ் மீட்டிங்கில். பம்பை நிறுத்த அவர்களுக்கு வழி என்ன? ஆட்டோமேஷன் போட்டாலும் போடாவிட்டாலும், ஸ்பா அருகே, கண்ணில் படும் இடத்தில், ஒரே தட்டில் பம்பை நிறுத்தும் வயர் இணைப்புள்ள ஸ்விட்ச் இருக்கட்டும். அதை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு முறை தட்டிப் பார்த்திருக்கட்டும்.

ஆப்புக்கு ஆயுசு எவ்வளவு?

குளத்தின் ஆயுசும் சாஃப்ட்வேரின் ஆயுசும் ஒன்றல்ல. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற அமெரிக்க ஸ்மார்ட் ஹோம் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. வாடிக்கையாளர்களின் ஆப் வேலை செய்யவில்லை. பயனர்கள் சிலர் சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கியதால்தான் ஜூனில் சேவை திரும்பியது. அதற்கும் முன், 2016 மே மாதம் ரிவால்வ் என்ற ஸ்மார்ட் ஹோம் கருவியின் சேவையை, அதை வாங்கிய நெஸ்ட் நிறுவனமே மூடிவிட்டது.

குள ஆட்டோமேஷனுக்கும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது: இன்டர்நெட் இல்லாவிட்டாலும், ஆப் நின்றுபோனாலும், பெட்டியில் உள்ள பட்டன்களை வைத்தே பம்ப், வால்வு, ஹீட்டர் எல்லாவற்றையும் இயக்க முடியுமா? 'முடியும்' என்று சொன்னால் போதாது. செய்து காட்டச் சொல்லுங்கள்.

பிராண்ட் விஷயமும் உண்டு. ஒரு நிறுவனத்தின் பெட்டி, அதே நிறுவனத்தின் பம்ப், செல் ஆகியவற்றோடுதான் பெரும்பாலும் முழுமையாகப் பேசும. இன்று பெட்டியைத் தேர்ந்தெடுப்பது, நாளை பம்ப் பழுதானால் எந்தக் கடைக்குப் போவது என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுப்பதுதான். உங்கள் ஊரில் அந்த பிராண்டுக்கு சர்வீஸ் ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

அப்போ, என்னதான் முடிவு?

• குளம் மட்டும், ஹீட்டர் இல்லை, ஒன்றிரண்டு விளக்குகள்: ஆட்டோமேஷன் தேவையில்லை. பம்பின் டைமரே போதும்.

• தனியாக வாங்கி வைக்கும் ரெடிமேட் ஸ்பா: அதற்கென்று சொந்த பம்பும் ஹீட்டரும் கன்ட்ரோலும் உள்ளேயே இருக்கின்றன. அதற்காகக் குளத்துக்கு ஆட்டோமேஷன் வாங்க வேண்டாம்.

• ஒரே பம்ப், ஒரே ஹீட்டரில் குளமும் ஸ்பாவும்: வாங்கலாம். அதுவும் அடிப்படை மாடல் போதும். வால்வு, பம்ப் வேகம், ஹீட்டர், உறைபனிப் பாதுகாப்பு ஆகிய நாலும் இருந்தால் சரி. குரலால் இயக்குவது, கலர் லைட் ஷோ எல்லாம் ஆசைக்கு, அவசியத்துக்கு அல்ல.

• பட்ஜெட் இடிக்கிறதா? பெட்டியைத் தள்ளிப்போடுங்கள், பாதையைத் தள்ளிப்போடாதீர்கள். கன்ட்ரோல் பெட்டியும் வால்வு மோட்டாரும் தரைக்கு மேலே இருப்பவை. எப்போது வேண்டுமானாலும் மாட்டலாம். கான்கிரீட்டுக்கு அடியில் போகும் வயர் குழாய்களை அப்புறம் போட வேண்டுமென்றால் தளத்தையே உடைக்க வேண்டும்.

எனவே, ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை மூன்று. வீட்டிலிருந்து பம்ப் மூலை வரை நெட்வொர்க் கேபிளுக்கு ஒரு காலிக் குழாய், ஏனென்றால் வைஃபை அந்த மூலைக்கு எட்டும் என்ற உத்தரவாதம் இல்லை. பம்ப் மூலையிலிருந்து ஸ்பா விளிம்பு வரை ஸ்விட்சுக்கு இன்னொரு குழாய். பின்னால் மோட்டார் மாட்டக்கூடிய மூவழி வால்வுகள், சுற்றிலும் கை நுழையும் அளவு இடத்தோடு.

கொட்டேஷனில் அந்த ஒரு வரிக்கு டிக் போடுவதை அடுத்த வருஷம்கூடச் செய்யலாம். இந்த மூன்றையும் எழுதி வாங்குவதைக் கான்கிரீட் லாரி வருவதற்கு முன் மட்டும்தான் செய்ய முடியும்.